கேஷ் கவுண்டரில் தினமும் வரும் தலைவலிகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கடையில் விலை வைப்பவர் ஒருவர், ஆஃபர் போடுபவர் இன்னொருவர், எத்தனை கவுண்டர் திறப்பது என்று முடிவு செய்பவர் வேறொருவர். இவர்கள் யாரும் வாடிக்கையாளர் கண்ணில் படுவதில்லை. கண்ணில் படுவது கேஷியர் மட்டும்தான். அதனால் எல்லோருக்கும் சேர வேண்டிய திட்டு அவர் தலையில் விழுகிறது. கேஷியர் கையில் இருப்பது எது, இல்லாதது எது என்று பிரித்துக்கொண்டால் பாதிப் பிரச்சினைக்கு வழி தெரியும். கீழே உள்ள பதில்கள் அந்த நோக்கத்தில் எழுதியவை.

ஷிஃப்ட் முடிவில் கல்லாவில் பணம் குறைகிறது. எங்கே தேடுவது?

முதலில் ஒன்று. விலையைத் தப்பாக அடித்தாலோ, ஒரே பொருளை இரண்டு முறை ஸ்கேன் செய்தாலோ கல்லாவில் பணம் குறையாது. பில்லில் என்ன தொகை வந்ததோ அதைத்தான் வாடிக்கையாளர் கொடுத்திருப்பார். தப்புவது ஸ்டாக் கணக்கு. ஆகவே பணம் குறைந்தால் ஸ்கேன் செய்ததை நினைத்துக் குழம்ப வேண்டாம். பணம் கை மாறிய இடங்களை மட்டும் பாருங்கள்.

குறையும் தொகையே பல நேரம் காரணத்தைச் சொல்லிவிடும்.

வித்தியாசம் 9ஆல் வகுபட்டால் இலக்கம் இடம் மாறியிருக்க வாய்ப்பு அதிகம். மீதி 36 கொடுக்க வேண்டிய இடத்தில் 63 கொடுத்திருந்தால் குறைவது 27. எண்ணிக்கைத் தாளில் 540 என்பதை 450 என்று எழுதியிருந்தால் குறைவது 90. இரண்டும் 9ஆல் வகுபடும். எந்த இரண்டு இலக்கங்கள் இடம் மாறினாலும் இப்படித்தான் வரும்.

குறைவு ஒரு பொருளின் விலைக்குச் சரியாக இருந்தால், பில் முடிந்த பிறகு அந்தப் பொருளைத் திரும்ப வாங்கிக்கொண்டு பணத்தைக் கொடுத்துவிட்டு, மெஷினில் ரீஃபண்ட் போடாமல் விட்டிருக்கலாம். ஒரு பொருளின் விலையைப் போல இரண்டு மடங்கு குறைந்தால், ரீஃபண்ட் என்று போட வேண்டியதை விற்பனையாகப் போட்டிருக்கலாம். பணம் வெளியே போயிருக்கிறது, மெஷினோ உள்ளே வந்ததாக எழுதிவைத்திருக்கிறது. அதனால்தான் இரட்டிப்பு. குறைந்த தொகையை இரண்டால் வகுத்து, அந்த விலையில் ஏதாவது பில் இருக்கிறதா என்று தேடினால் அகப்படும்.

ரொக்கம் எவ்வளவு குறைகிறதோ அதே தொகை கார்டு கணக்கில் கூடினால், கார்டில் வாங்கிய பில்லை 'கேஷ்' பட்டனில் முடித்திருக்கிறீர்கள். பணம் எங்கும் போகவில்லை. சூப்பர்வைசரிடம் சொல்லி பேமெண்ட் வகையை மாற்றினால் கணக்கு டேலி ஆகும்.

பெரிய முழுத் தொகையாகக் குறைந்தால், நடுவில் பணத்தைக் கட்டி உள்ளே அனுப்பியதற்கு எழுத்து இல்லாமல் போயிருக்கும். பக்கத்துக் கவுண்டருக்குச் சில்லறை மாற்றிக் கொடுத்ததும் இந்த வகைதான். "அப்புறம் தர்றேன்" என்று வாங்கிப்போன சில்லறைக்கு ஒரு துண்டுச்சீட்டு எழுதி டிராயரில் போட்டுவையுங்கள்.

இவை எதுவும் பொருந்தவில்லை என்றால் டிராயருக்குள் இருக்கும் பணத் தட்டை முழுதாக வெளியே தூக்கிப் பாருங்கள். டிராயரை வேகமாகச் சாத்தும்போது தாள்கள் தட்டுக்குப் பின்னால் நழுவி விழுந்து, கீழே மடங்கிக் கிடக்கும். புதுத் தாள்களை ஒவ்வொன்றாக விரலால் தேய்த்து எண்ணுங்கள், இரண்டு ஒட்டிக்கொள்ளும்.

இன்னொரு காரணம் ஷிஃப்ட் தொடக்கத்திலேயே இருக்கலாம். டிராயரில் வைத்துத் தரும் ஆரம்பப் பணத்தை எண்ணாமல் கையெழுத்துப் போட்டிருந்தால், முந்தைய ஷிஃப்டின் குறை உங்கள் பெயருக்கு வந்துவிடும். கொடுப்பவர் முன்னாலேயே எண்ணுங்கள். வரிசை நிற்கிறது என்று அவசரப்படுத்தினாலும் எண்ணுங்கள்.

குறைந்த பணத்தைச் சம்பளத்தில் பிடிக்கலாமா?

கடைக்காரர் விருப்பப்படி பிடிப்பது சரியல்ல. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 1949ஆம் ஆண்டு ஊதியப் பாதுகாப்பு உடன்படிக்கை (எண் 95), 8ஆம் பிரிவில், நாட்டுச் சட்டமோ கூட்டு ஒப்பந்தமோ சொல்லும் நிபந்தனைப்படி, சொல்லும் அளவுக்குத்தான் சம்பளத்தில் பிடித்தம் செய்யலாம் என்கிறது. வேலைக்குச் சேரும்போது நீங்கள் கையெழுத்திட்ட தாளில் இதைப் பற்றி என்ன இருக்கிறது என்று படித்துவையுங்கள். ஒரே டிராயரில் இரண்டு மூன்று பேர் கை வைக்கும் கடையில் குறையை ஒருவர் மேல் மட்டும் போடுவது நியாயமே இல்லை. "என் டிராயரை நான் மட்டும் திறக்க வேண்டும்" என்று கேளுங்கள். அது உங்கள் உரிமை மட்டுமல்ல, கடைக்கும் நல்லது.

500 என்று அடித்த பிறகு, "இருங்க, 4 சில்லறை இருக்கு" என்கிறார்கள். மூளை நின்றுவிடுகிறது.

எல்லோருக்கும் நடப்பதுதான். பில் 364, கொடுத்தது 500, திரையில் மீதி 136. இப்போது கையில் 4 நீட்டுகிறார். பில்லை மறந்துவிடுங்கள், கழித்தல் எதுவும் வேண்டாம். திரையில் இருக்கும் மீதியோடு அவர் தந்த 4ஐக் கூட்டுங்கள்: 140. அதைக் கொடுங்கள். முதலில் அந்த 4ஐ டிராயரில் போட்டுவிட்டு, பிறகு 140ஐ எடுங்கள். இரண்டையும் ஒரே கையில் வைத்துக்கொண்டு எண்ணினால் தப்பு வரும்.

மெஷினே நின்றுபோனால் மேல்நோக்கி எண்ணிக் கொடுங்கள். 364இலிருந்து தொடங்கி, 6 கொடுத்து "370", 30 கொடுத்து "400", 100 கொடுத்து "500" என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே வைத்தால், கொடுத்த மொத்தம் தானாகவே 136 ஆகியிருக்கும்.

"நான் 500 கொடுத்தேன், நீங்க 100ன்னு சொல்றீங்க" என்று சண்டைக்கு வந்தால்?

வராமல் தடுப்பதே வழி. அதற்கு இரண்டு பழக்கம் போதும். தாளை வாங்கும்போதே "500 குடுத்திருக்கீங்க" என்று சத்தமாகச் சொல்லுங்கள். அந்தத் தாளை உடனே டிராயர் அறைக்குள் போடாமல் தட்டின் மேலேயே குறுக்காக வையுங்கள். மீதி கை மாறிய பிறகு உள்ளே போடுங்கள். வாக்குவாதம் வந்தால் தாள் கண்ணெதிரே இருக்கும்.

தாள் உள்ளே போன பிறகு பிரச்சினை வந்தால், "கேமரா இருக்கு, கல்லாவை எண்ணியும் பார்க்கலாம், சூப்பர்வைசரைக் கூப்பிடறேன்" என்று சொல்லுங்கள். உங்கள் மனசாட்சியை மட்டும் நம்பி அங்கேயே பணத்தைக் கொடுத்துவிடாதீர்கள். அவர் சொல்வது உண்மையாகவும் இருக்கலாம், எண்ணினால் கல்லாவில் அந்தத் தொகை கூடுதலாக நிற்கும்.

சில்லறை மாற்றும் சாக்கில் ஏமாற்றுகிறவர்களை எப்படிக் கண்டுபிடிப்பது?

ஆளைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. நன்றாக உடுத்தி, அன்பாகப் பேசுகிறவர்களே இதைச் செய்வார்கள். முறையைத்தான் கவனிக்க வேண்டும். சின்னப் பொருளுக்குப் பெரிய தாள் கொடுப்பார். நீங்கள் மீதியை எண்ணும்போது "ஐயோ, என்கிட்டயே சின்னத் தாள் இருக்கு, அதை வாங்கிக்கங்க" என்பார். நீங்கள் பெரிய தாளைத் திருப்பித் தரும் நேரத்தில், "இதோட இதையும் சேர்த்து முழுசா ஒரே தாளா குடுங்களேன்" என்று கடையின் பணத்தையே கடைக்குக் கொடுத்து இன்னொரு தாள் வாங்குவார். நடுவில் கேள்வி கேட்டு எண்ணிக்கையைக் குலைப்பார்.

இதற்கு மருந்து ஒன்றுதான். ஒரு பரிமாற்றம் முடியாமல் அடுத்ததைத் தொடங்காதீர்கள். மீதியைக் கொடுங்கள், டிராயரைச் சாத்துங்கள், அதற்குப் பிறகு "சொல்லுங்க" என்று கேளுங்கள். குழம்பிவிட்டதாகத் தோன்றினால் அவருடைய பணத்தை அவர் பக்கமும் கடைப் பணத்தை உங்கள் பக்கமும் மேஜையில் விரித்துவைத்து முதலிலிருந்து தொடங்குங்கள். ஏமாற்ற வந்தவர் அந்த இடத்திலேயே "பரவாயில்லை, விடுங்க" என்று கிளம்பிவிடுவார்.

பார்கோடு ஏன் சில நேரம் படிப்பதே இல்லை?

கடையில் ஒரு பொருளின் பார்கோடு முதன்முதலாக ஸ்கேன் ஆனது 1974 ஜூன் 26 அன்று, அமெரிக்காவின் ஓஹையோ மாநிலத்தில் ட்ராய் என்ற ஊரில். ஒரு சூயிங்கம் பாக்கெட். அன்றிலிருந்து இன்றுவரை கோடுகள் வேலை செய்யும் விதம் மாறவில்லை: கறுப்புக் கோடு ஒளியை விழுங்கும், வெள்ளை இடைவெளி திருப்பி அனுப்பும். இந்த வித்தியாசத்தைக் குலைக்கும் எதுவும் ஸ்கேனரைக் குழப்பும்.

குளிர்பெட்டியிலிருந்து வந்த பொருளின் மேல் பனி படிந்திருந்தால் கோடுகள் மங்கும். உலர்ந்த துணியால் ஒரு முறை துடைத்தால் போதும். பிளாஸ்டிக் உறை சுருங்கியிருந்தால் இரண்டு கட்டைவிரலால் இழுத்துத் தட்டையாக்குங்கள். ஒல்லியான பாட்டிலைச் சுற்றிக் கோடுகள் வளைந்து போயிருந்தால் இரு ஓரக் கோடுகளும் ஒரே நேரத்தில் தெரியாது. பாட்டிலை மெதுவாகச் சுழற்றிக் காட்ட வேண்டும். கோடுகளுக்கு இருபக்கமும் கொஞ்சம் வெற்றிடம் இருக்க வேண்டும். அந்த இடத்தில் விலை ஸ்டிக்கர் ஒட்டிவிட்டால் கோடு எங்கே தொடங்குகிறது என்று ஸ்கேனருக்குத் தெரியாது. வெள்ளைக் காகிதத்தில் சிவப்புக் கோடு அச்சிட்ட உறை என்றால் முயன்று பயனில்லை. பெரும்பாலான ஸ்கேனரின் ஒளி சிவப்பு. அதற்குச் சிவப்புக் கோடும் வெள்ளையாகவே தெரியும்.

எல்லாப் பொருளும் தகராறு செய்தால் குறை ஸ்கேனர் கண்ணாடியில். மென்மையான துணியைச் சற்று ஈரமாக்கித் துடையுங்கள். திரவத்தை நேராகக் கண்ணாடி மேல் அடித்தால் ஓரம் வழியாக உள்ளே இறங்கும்.

இதிலிருந்து வேறுபட்ட இன்னொரு சிக்கல்: ஸ்கேனர் படித்துவிட்டது, ஆனால் 'பொருள் இல்லை' என்று திரை சொல்கிறது. அங்கே துடைத்தும் திருப்பியும் பயனில்லை. அந்த எண் கடையின் பட்டியலில் ஏற்றப்படவில்லை. எண்ணைக் குறித்து உள்ளே சொல்லுங்கள். இல்லாவிட்டால் அடுத்த ஆளுக்கும் இதே கதைதான்.

எண்ணைக் கையால் தட்டினாலும் ஏற்க மறுக்கிறதே?

ஒரு இலக்கம் தப்பாகப் போயிருக்கிறது. 13 இலக்க பார்கோடில் கடைசி இலக்கம் ஒரு காவல்காரர். முதல் 12 இலக்கங்களை இடமிருந்து 1, 3, 1, 3 என்று மாற்றி மாற்றிப் பெருக்கிக் கூட்டி, அடுத்த பத்தின் மடங்குக்கு எவ்வளவு தேவையோ அதுதான் கடைசி இலக்கம். 4006381333931 என்ற எண்ணை எடுங்கள்: கூட்டுத்தொகை 89, 90க்கு 1 தேவை, கடைசி இலக்கமும் 1. ஒற்றை இலக்கம் எது தப்பினாலும் இது பிடித்துவிடும். பக்கத்து இலக்கங்கள் இடம் மாறினால் பெரும்பாலும் பிடிக்கும். 1க்கும் 6க்கும் போல வித்தியாசம் 5 ஆக இருந்தால் மட்டும் நழுவிவிடும். அதனால் எண்ணைத் தட்டிய பிறகு திரையில் வரும் பெயரையும் ஒரு பார்வை பாருங்கள்.

"ஸ்கேன் ஆகலைன்னா ஃப்ரீயா?"

அவர் அதை முதல் முறையாகச் சொல்கிறார், நீங்கள் இன்றைக்கே பலமுறை கேட்டுவிட்டீர்கள். ஒரு புன்னகை போதும், பதில் தேட வேண்டாம். கை மட்டும் எண்ணைத் தட்டிக்கொண்டிருக்கட்டும்.

அலமாரியில் ஒரு விலை, பில்லில் ஒரு விலை. திட்டு எனக்கு.

கவுண்டரில் வரும் கோபத்தில் பெரும்பங்கு இதுதான், கேஷியருக்குத் துளியும் பங்கில்லாத விஷயமும் இதுதான். விலை கம்ப்யூட்டரில் மாறியிருக்கும், அலமாரிச் சீட்டை மாற்றியிருக்க மாட்டார்கள். அல்லது நேற்று இரவோடு ஆஃபர் முடிந்திருக்கும், சீட்டு இன்னும் தொங்கும். சில நேரம் வாடிக்கையாளர் பக்கத்துப் பொருளின் சீட்டைப் பார்த்திருப்பார்: அதே கம்பெனி, வேறு அளவு.

"சிஸ்டத்துல இப்படித்தான் இருக்கு" என்று மட்டும் சொல்லாதீர்கள். கேட்பவருக்கு அது 'நீ பொய் சொல்கிறாய்' என்பது போலப் படும். "நீங்க சொல்றதைச் சரிபார்க்கறேன்" என்று சொல்லி, ஒருவரை அலமாரிக்கு அனுப்பிச் சீட்டைப் படம் எடுத்து வரச் சொல்லுங்கள். அதுவரை பில்லை 'ஹோல்ட்' செய்துவிட்டு அடுத்தவரைப் பாருங்கள். நீங்கள் கவுண்டரை விட்டுப் போகவே கூடாது. சீட்டு தப்பாக இருந்தால் எந்த விலைக்குக் கொடுப்பது என்ற கடை விதியைச் சூப்பர்வைசரிடம் முன்கூட்டியே கேட்டுவைத்துக்கொள்ளுங்கள். அதே நாளில் அந்தச் சீட்டைக் கழற்றவும் சொல்லுங்கள்.

ஆஃபர் விழவில்லை என்ற புகாரில் இன்னொன்றைப் பாருங்கள். பல மெஷின்களில் கழிவு 'மொத்தம்' அழுத்திய பிறகுதான் விழும். ஸ்கேன் செய்யும்போதே திரையைப் பார்த்துக் கோபப்படுபவரிடம் "மொத்தம் போட்டதும் குறையும், பாருங்க" என்று முன்னாலேயே சொல்லிவிடலாம்.

'3 எடுத்தால் 2க்கு விலை' ஆஃபரில் வாங்கியதில் ஒன்றை மட்டும் திருப்பித் தருகிறார்கள். எவ்வளவு கொடுப்பது?

ஒன்றின் விலை 90 என்றால் மூன்றுக்கு அவர் கொடுத்தது 180. அவர் எதிர்பார்ப்பது 90. மெஷின் கழிவை மூன்றுக்கும் பங்கிட்டிருந்தால் ஒவ்வொன்றும் 60 என்று பதிந்திருக்கும், 60 திரும்பும். சில மெஷின்கள் பில்லை மறுபடி கணக்கிடும்: மீதி இரண்டின் விலை 180, கொடுத்ததும் 180, ஆகத் திரும்புவது ஒன்றுமில்லை. எந்த முறை என்பது கடையின் முடிவு. வாடிக்கையாளரிடம் வாயால் விளக்குவதைவிட, பழைய பில்லில் கழிவு வரியை விரலால் காட்டி விளக்குங்கள். பில் இல்லாமல் வந்தால் நீங்களாக ஒரு தொகையை ஊகித்துக் கொடுக்காதீர்கள்.

"பணம் என் கணக்குல போயிடுச்சு" என்கிறார், மெஷினில் வரவில்லை.

இருவர் சொல்வதும் உண்மையாக இருக்கலாம். வங்கி தொகையைப் பிடித்துவைத்திருக்கும். பதில் உங்கள் மெஷினுக்கு வந்து சேருவதற்குள் இணைப்பு அறுந்திருக்கும்.

உடனே மறுபடி கார்டு வாங்காதீர்கள், இரண்டு முறை பிடிக்கப்படும் ஆபத்து அங்கேதான். முதலில் கார்டு மெஷினில் கடைசிப் பரிமாற்றத்தை மறுபடி அச்சிடுங்கள். 'ஏற்கப்பட்டது' என்று வந்தால் பில்லை அதற்கேற்ப முடித்துவிடலாம். இல்லையென்றால் அந்தத் தோல்விச் சீட்டை அவர் கையில் கொடுத்து, வேறு வழியில் பணம் கேளுங்கள். பிடித்த தொகையை அவருடைய வங்கிதான் விடுவிக்கும். எத்தனை நாளில் என்று நீங்கள் வாக்குக் கொடுக்க வேண்டாம். அவர் போனில் வந்த செய்தியை மட்டும் பார்த்துப் பொருளைக் கொடுக்கவும் வேண்டாம், போலிச் செய்தி உருவாக்குவது எளிது.

தொட்டுக் காட்டும் கார்டு அடிக்கடி தோற்றால், பர்ஸோடு சேர்த்து வைத்திருக்கிறாரா என்று பாருங்கள். உள்ளே இரண்டு கார்டு இருந்தால் மெஷின் குழம்பும். தனியாக எடுத்து, சத்தம் வரும்வரை அசைக்காமல் பிடிக்கச் சொல்லுங்கள்.

ஒரு பொருளை நீக்கக்கூட சூப்பர்வைசர் சாவி. என்னை நம்பவில்லையா?

கல்லா மெஷின் பிறந்ததே நம்பிக்கைக் குறைவில்தான். 1879இல் ஓஹையோவின் டேட்டனில் மதுக்கடை வைத்திருந்த ஜேம்ஸ் ரிட்டி, ஊழியர்கள் பணம் எடுப்பதைத் தடுக்கத்தான் முதல் மெஷினைச் செய்தார். இன்றும் பில்லில் நீக்குவது, ரீஃபண்ட், விற்பனை இல்லாமல் டிராயர் திறப்பது மூன்றும் உங்கள் பெயரில் பதிவாகும். ஆகவே சாவி உங்களையும் காக்கிறது. அழைத்துக் காத்திருக்கும் நேரம்தான் கொடுமை. நீக்க வேண்டியவற்றைச் சேர்த்துவைத்து, பில் முடிவில் ஒரே அழைப்பில் முடியுங்கள். ஒருபோதும் அடுத்தவர் கடவுச்சொல்லை வாங்கி நீங்களே அடிக்காதீர்கள். உங்களுடையதைக் கொடுக்கவும் செய்யாதீர்கள்.

ரோல் மாற்றினேன், பில் வெள்ளையாக வருகிறது.

ரோலைத் திருப்பிப் போட்டிருக்கிறீர்கள். பில் பிரிண்டரில் மை கிடையாது, காகிதத்தின் ஒரு பக்கப் பூச்சு சூட்டில் கறுக்கும். நகத்தால் கீறுங்கள், கறுப்புக் கோடு விழும் பக்கம் அச்சுத்தலையைப் பார்க்க வேண்டும். ரோல் முடியப்போவதைக் காட்டும் சிவப்புப் பட்டை ஓரத்தில் வரத் தொடங்கியதும், கூட்டம் இல்லாத நேரம் பார்த்து மாற்றிவிடுங்கள்.

இந்தப் பூச்சில் பிஸ்பினால்-ஏ என்ற ரசாயனம் இருக்கலாம். ஐரோப்பிய ஒன்றியம் 2020 ஜனவரி முதல் பில் காகிதத்தில் அதன் அளவைக் கட்டுப்படுத்தியிருக்கிறது. நாள் முழுக்க பில்லைத் தொடுபவர் நீங்கள். சானிடைசரோ கிரீமோ காயாத கையால் தொடாதீர்கள், ஈரத்தோலில் அது அதிகம் இறங்கும்.

"பக்கத்து வரிசைதான் வேகமா போகுது" என்று என்னைக் குறை சொல்கிறார்கள்.

மூன்று வரிசை ஒரே வேகத்தில் நடந்தாலும், அவர் நிற்பது முந்தும் வரிசையாக இருக்க மூன்றில் ஒரு வாய்ப்புதான். கவுண்டர்கள் எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே வரிசை விட்டால் இந்தப் புகார் எழாது. அதை நிர்வாகம்தான் செய்ய வேண்டும். உங்களால் முடிந்தது: ஸ்கேன் நடக்கும்போதே "கேஷா, கார்டா?" என்று கேட்டுவிடுவது. தாமதம் பெரும்பாலும் பர்ஸைத் தேடும் இடத்தில்தான். "ஒண்ணு மறந்துட்டேன், இதோ வந்துடறேன்" என்று ஓடுபவரின் பில்லையும் ஹோல்டில் போடலாம்.

நின்று நின்று கால் வலிக்கிறது.

நிற்பதைவிட அசையாமல் நிற்பதுதான் கெடுதல். காலடியில் 10 முதல் 15 செ.மீ. உயரப் பலகை ஒன்று வைத்து, கால்களை மாற்றி மாற்றி அதில் வையுங்கள். தடித்த ரப்பர் விரிப்பு கேளுங்கள். கனமான பொருளைத் தூக்காதீர்கள், வண்டியிலேயே விட்டு கை ஸ்கேனரால் படியுங்கள். மற்றவற்றைத் தூக்காமல் தள்ளி நகர்த்துங்கள். மணிக்கட்டை முறுக்கிக் கோடு தேடாமல், கோடு இருக்கும் பக்கத்தை முதலில் பார்த்துப் பொருளைத் திருப்புங்கள்.

நாற்காலி கேட்பது சலுகை கேட்பதாகாது. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 1964ஆம் ஆண்டின் 120ஆம் உடன்படிக்கை, வணிக இடங்களில் போதுமான, தகுந்த இருக்கைகள் தர வேண்டும், அவற்றில் உட்கார நியாயமான வாய்ப்பும் தர வேண்டும் என்று 14ஆம் பிரிவில் சொல்கிறது. நாற்காலி இருந்தும் உட்கார்ந்தால் முறைக்கிற கடையில், இரண்டாவது பாதியைத்தான் கேட்க வேண்டியிருக்கும்.

கெட்ட வார்த்தையில் திட்டினால், கை ஓங்கினால்?

விலையைப் பற்றிக் கோபப்படுவது வேறு, உங்களை அவமதிப்பது வேறு. முதலாவதைக் கேட்டுக்கொள்ளலாம். இரண்டாவதைப் பொறுத்துக்கொள்வது உங்கள் வேலையின் பகுதி கிடையாது. ஒரு அடி பின்னால் நகருங்கள், டிராயர் திறந்திருந்தால் சாத்துங்கள், "இப்படிப் பேசினா என்னால பில் போட முடியாது, சூப்பர்வைசர் வருவாங்க" என்று ஒரு முறை மட்டும் சொல்லுங்கள். அதற்குமேல் பதில் பேசாதீர்கள். பணத்துக்காகக் கை ஓங்கினால் பணத்தைக் கொடுத்துவிடுங்கள், மறித்து நிற்க வேண்டாம்.

ஆள் போனதும் நேரம், கவுண்டர் எண், அவர் சொன்ன வார்த்தைகள், பார்த்தவர்கள் பெயர் என்று அன்றைக்கே எழுதிக் கொடுங்கள். கேமராப் பதிவுகள் சில நாளில் அழிந்துவிடும் என்பதால் தாமதம் கூடாது. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 2019ஆம் ஆண்டின் 190ஆம் உடன்படிக்கை, வேலையிட வன்முறையில் வாடிக்கையாளர் போன்ற வெளியாட்கள் செய்வதையும் கணக்கில் எடுக்கச் சொல்கிறது. "கஸ்டமர்னா அப்படித்தான்" என்று முடித்துவைக்கும் மேலாளரிடம் எழுத்தில் கொடுத்து, நகல் வைத்துக்கொள்ளுங்கள்.

கடை சாத்தும் நேரத்தில் வண்டி நிறையப் பொருளோடு வருகிறார்கள். கணக்கு முடிக்கவே முடியவில்லை.

கடைசி நேரம் எப்போது என்று வாசலில் சொல்ல வேண்டும், கவுண்டரில் சொன்னால் சண்டைதான் வரும். சாத்துவதற்குக் கால் மணி நேரம் முன்பு ஒரு அறிவிப்பு, 5 நிமிடம் முன்பு இன்னொன்று என்று நிர்வாகத்தைக் கேளுங்கள். இடையில் நீங்கள் செய்யக்கூடியது: கூட்டம் குறைந்ததும் பெரிய தாள்களைக் கட்டி, எழுத்தோடு உள்ளே அனுப்பிவிடுவது, கூடுதல் நாணயங்களை எண்ணி உறையில் போட்டு, மேலே தொகை எழுதிவைப்பது. வாடிக்கையாளர் எதிரில் டிராயரைத் திறந்துவைத்து எண்ணாதீர்கள். கடைசி ஆள் வெளியேறி ஷட்டர் இறங்கும்போது, எண்ண மீதியிருப்பது சின்னத் தாள்களும் ஆரம்பப் பணமும் மட்டுமாக இருக்கும். அந்த எண்ணிக்கைக்கு ஆகும் நேரமும் வேலை நேரம்தான். வேலை முடித்துக் கிளம்பும் நேரத்தை அதற்குப் பிறகு பதியுங்கள்.